சார்ட்டர்ல சீட் கெடச்சா போயிடலாமா? ஒரு பப்ளிக் ஸ்கூல் டீச்சரோட பதில்

கேள்வி: அக்கா, நாங்க ஹூஸ்டன் பக்கத்துல ஒரு சபர்ப்ல இருக்கோம். பொண்ணு அஞ்சாவது முடிக்கப்போறா, மேத்ஸ் நல்லா போடுவா. பையன் ரெண்டாவது, ஸ்பீச் தெரபி போயிட்டிருக்கு, ரீடிங்குக்கும் தனியா சப்போர்ட் உண்டு, ஐஇபி, அதான் ஸ்பெஷல் எஜுகேஷன் பசங்களுக்குத் தனியா எழுதற ப்ளான், போட்டிருக்காங்க. எங்க வாட்ஸப் குரூப்ல இப்ப சார்ட்டர் ஸ்கூல் பேச்சுதான், "டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லித்தர மாட்டாங்க, சார்ட்டர் பசங்கதான் முன்னாடி போறாங்கன்னு ரிசர்ச்சே இருக்கு"ன்னு லிங்க் எல்லாம் போடறாங்க. ரெண்டு பேருக்கும் லாட்டரில அப்ளை பண்ணியாச்சு. வீட்டுக்காரர் "ப்ரைவேட் ஸ்கூல் ஃப்ரீயா கெடைக்குது, இதுல யோசிக்க என்ன இருக்கு"ங்கறார். நீங்க பப்ளிக் ஸ்கூல் டீச்சர், சார்ட்டருக்கு எதிராத்தான் பேசுவீங்கன்னு தெரியும், ஆனாலும் கேக்கறேன். இந்த கல்விச் சீர்திருத்தம்னு இவங்க சொல்றதெல்லாம் என்னதான்? நாங்க என்ன பண்றது?

பதில்: எனக்கு சம்பளம் போடறது டிஸ்ட்ரிக்ட், அதாவது ஊர் பப்ளிக் ஸ்கூல்களை நடத்தற அமைப்பு, நான் மிடில் ஸ்கூல்ல மேத்ஸ் எடுக்கறவ, அதனால நான் சொல்றதுல ஒரு சாய்வு இருக்கும்னு நீங்க நெனச்சது சரிதான். அதை மனசுல வெச்சுக்கிட்டே படிங்க. ஆனா நான் சார்ட்டருக்கு எதிரின்னு நீங்க முடிவு பண்ணினதுதான் முழுசா சரியில்ல. எனக்குத் தெரிஞ்ச நல்ல டீச்சர்ஸ் சில பேர் சார்ட்டர்லதான் இருக்காங்க. என் கோவம் வேற எடத்துல, அதுக்கு வரேன்.

மொதல்ல உங்க வீட்டுக்காரருக்கு. சார்ட்டர்ங்கறது ப்ரைவேட் ஸ்கூல் கிடையாது. அதுவும் அரசாங்கப் பணத்துல ஓடற பப்ளிக் ஸ்கூல்தான், ஆனா எலெக்‌ஷன்ல ஜெயிச்ச ஸ்கூல் போர்டுக்குக் கீழ வராம, ஸ்டேட் கிட்ட ஒப்பந்தம் போட்டுக்கிட்டு ஒரு நான்-ப்ராஃபிட் அமைப்பு தனியா நடத்தும். ஃபீஸ் வாங்கக்கூடாது, என்ட்ரன்ஸ் வெச்சு பொறுக்கி எடுக்கக்கூடாது, எடத்தை விட ஆள் ஜாஸ்தி வந்தா குலுக்கல். நம்ம ஆளுங்க மனசுல ஊர்ல இருக்கும்போதே ஒரு கணக்கு பதிஞ்சிருக்கு, கவர்மென்ட் ஸ்கூல்னா வேற வழியில்லாதவங்க போறது, மெட்ரிக் இல்லாட்டி சிபிஎஸ்இன்னா படிப்புன்னு, அந்தக் கணக்கையே ஃப்ளைட்ல ஏத்திக்கொண்டு வந்து இங்க டிஸ்ட்ரிக்ட் ஸ்கூலை கவர்மென்ட் ஸ்கூல்னும் சார்ட்டரை மெட்ரிக்னும் போட்டுப் பாக்கறோம். நீங்க அந்த சபர்ப்ல வீடு வாங்கினதே ஸ்கூல் ரேட்டிங் பாத்துத்தானே? அந்த ஸ்கூலுக்காகத்தான் வருஷா வருஷம் ப்ராபர்ட்டி டாக்ஸ் பில்லைப் பாத்து பெருமூச்சு விடறீங்க, அதை விட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு நாள் உக்காந்து யோசிக்கறதுல தப்பில்ல.

இந்த சார்ட்டர்ங்கற யோசனை எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா உங்க குரூப்ல பாதிப் பேர் ஆச்சரியப்படுவாங்க. இதை நாடு முழுக்க பேச வெச்சதே ஒரு டீச்சர்ஸ் யூனியன் தலைவர்தான். 1988ல ஆல்பர்ட் ஷான்கர், அமெரிக்கன் ஃபெடரேஷன் ஆஃப் டீச்சர்ஸோட தலைவர், ரே பட்டீங்கற பேராசிரியர் முன்னாடியே எழுதி வெச்சிருந்த யோசனையை எடுத்து மேடையில பேசினார். சாதாரண ஸ்கூல்ல ஒட்டாத பசங்களுக்காக, டீச்சர்ஸே சேந்து ஒரு சின்ன ஸ்கூல் ஆரம்பிக்கட்டும், புதுசா ஏதாவது முயற்சி பண்ணட்டும், நல்லா வந்தா மத்த ஸ்கூல் எல்லாம் அதைக் கத்துக்கட்டும், இவ்ளோதான் அவர் சொன்னது. 1991ல மின்னசோட்டா மொதல் சட்டம் போட்டுச்சு, அடுத்த வருஷமே செயின்ட் பால்ல மொதல் ஸ்கூல் தொறந்தாங்க, டெக்ஸஸ் 1995ல சட்டம் போட்டுச்சு. ஆனா அதுக்குள்ளயே பேச்சு மாறிப்போச்சு, ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தர் கத்துக்கறதுங்கறது போய், போட்டி போட்டா ரெண்டும் உருப்படும்ங்கற மார்க்கெட் பேச்சு வந்துடுச்சு. ஷான்கரே கடைசில இதை விட்டு வெலகிட்டார். என் வருத்தமும் இதுதான், ஏன்னா எங்க ஸ்கூலுக்கு ரெண்டு மைல்ல ஒரு சார்ட்டர் இருக்கு, அவங்க பின்னத்தை எப்படி சொல்லித்தராங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, நான் என்ன பண்றேன்னு அவங்களுக்கும் தெரியாது, ரெண்டு பேரும் ஒரே பசங்களுக்கு பேனர் கட்டிக்கிட்டிருக்கோம்.

இப்ப அந்த ரிசர்ச் லிங்க். அது பொய் இல்ல. ஸ்டான்ஃபோர்ட்ல க்ரெடோன்னு ஒரு ஆராய்ச்சி மையம் ரொம்ப வருஷமா இதைத்தான் அளக்கறாங்க. 2009ல அவங்க சொன்னது என்னன்னா மேத்ஸ்ல 17 சதவீதம் சார்ட்டர்தான் பக்கத்து பப்ளிக் ஸ்கூலை விட மேல, 37 சதவீதம் கீழ, மிச்சம் வித்தியாசமே இல்லைன்னு. 2023ல வந்த ரிப்போர்ட்ல சார்ட்டர் பக்கம் நல்லாவே ஏறியிருந்துச்சு, சராசரியா ஒரு வருஷத்துல ரீடிங்ல 16 நாள், மேத்ஸ்ல 6 நாள் கூடப் படிச்ச அளவுக்கு முன்னாடி இருக்காங்கன்னு. உங்க குரூப்ல சுத்தறது இதாத்தான் இருக்கும். ஆறு நாள்ங்க. ஒரு ஃப்ளூ வந்தா போற நாள் அது. அதே ரிப்போர்ட்ல ஆன்லைன் சார்ட்டர்ல படிக்கற பசங்க ரீடிங்ல 58 நாளும் மேத்ஸ்ல 124 நாளும் பின்தங்கியிருக்காங்க, அதை யாரும் ஃபார்வர்டு பண்ண மாட்டாங்க.

ஆனா சராசரியைப் புடிச்சு சண்டை போடறது எனக்கே பிடிக்காது, அதுக்குள்ள யார் இருக்காங்கங்கறதுதான் விஷயம். அந்த ரிப்போர்ட்ல பெரிய லாபம் யாருக்குன்னா நகரத்துல இருக்கற ஏழை கறுப்பின, ஹிஸ்பானிக் பசங்களுக்கு. பாஸ்டன்ல குலுக்கல்ல சீட் கெடச்சவங்களையும் கெடைக்காதவங்களையும் ஒப்பிட்டு பொருளாதார நிபுணர்கள் பண்ணின ஆராய்ச்சி இருக்கு, ரொம்ப நேர்மையான முறை, ஏன்னா ரெண்டு பக்கமும் அப்ளை பண்ற அளவுக்கு அக்கறை உள்ள குடும்பங்கதான், வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும்தான். அதுல நகரத்து சார்ட்டர்ல பசங்க மார்க் நெஜமாவே பெருசா ஏறிச்சு. அதே மாசசூசெட்ஸ்ல நகரத்துக்கு வெளிய இருந்த சார்ட்டர்களை அளந்தப்போ லாபம் இல்ல, சில எடத்துல கொறஞ்சே போயிருந்துச்சு. காரணம் ஒண்ணும் மர்மம் இல்ல, சபர்ப்ல பக்கத்துல இருந்த பப்ளிக் ஸ்கூல் ஏற்கெனவே நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. நம்ம ஹூஸ்டன்லயே 1994ல, இப்ப சார்ட்டர் அமைப்பா இருக்கற கிப்பை ஆரம்பிச்சாங்களே, அதுவும் அப்படித்தான், வழியில்லாம நின்ன அஞ்சாங்கிளாஸ் பசங்களுக்காக ரெண்டு இளம் டீச்சர்ஸ் ஆரம்பிச்சது, அந்தப் பசங்களுக்கு நெஜமா நல்லது நடந்துச்சு, அதை மறுக்கறவங்களோட நான் சேர மாட்டேன். ஆனா வீட்ல ரெண்டு இன்ஜினியர் உக்காந்து அல்ஜீப்ரா சொல்லித்தர, சனிக்கிழமை மேத்ஸ் கிளாஸுக்குப் போற உங்க பொண்ணு அந்த ரிசர்ச்சுக்குள்ள இல்ல. வேற புள்ளைங்களுக்குக் கெடச்ச பலனைக் காமிச்சு உங்க புள்ளைக்கு சீட் விக்கறாங்க.

அப்ப ஸ்டேட் ஸ்கூலுக்கெல்லாம் போடற கிரேடுல உங்க ஏரியா சார்ட்டருக்கு ஏ எப்படி வருது? வரும், ஏன் வராது. லாட்டரிக்கு அப்ளை பண்ணத் தெரிஞ்ச, தினமும் ரெண்டு வேளை கார்ல கொண்டு விட முடிஞ்ச குடும்பங்க ஒரே கட்டடத்துல சேந்தா நான் போய் நின்னாலும் ஏ வரும். எங்க ஸ்கூல்ல பிப்ரவரி மாசம் நடு வருஷத்துல ஹோண்டுராஸ்லேர்ந்து ஒரு பையன் வருவான், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, அன்னைக்கே அவனை கிளாஸ்ல உக்கார வெக்கணும், அதான் எங்க வேலை, அதுல எனக்குப் பெருமையும் உண்டு. சார்ட்டர் அப்படி எந்த நாள்லயும் யாரையும் எடுத்துக்கணும்னு இல்ல, சீட் ஃபுல்லுன்னு சொல்லிடலாம். டெக்ஸஸ் சட்டப்படி டிசிப்ளின் ரெக்கார்டு இருக்கற பையனை சேத்துக்க மாட்டேன்னும் சார்ட்டர் சொல்லலாம், டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல் சொல்ல முடியாது. ரெண்டையும் ஸ்டேட் வெக்கற ஒரே ஸ்டார் டெஸ்ட் மார்க்கை வெச்சு ஏ, பி, சின்னு வரிசைப்படுத்தறாங்க.

என் கோவம் இங்கதான். 2002ல புஷ் கையெழுத்து போட்டாரே நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட் சட்டம், அதுல 2014க்குள்ள நாட்ல ஒரு புள்ள விடாம, நூத்துக்கு நூறு, ரீடிங் மேத்ஸ்ல தேறணும்னு எழுதினாங்க. எந்த டீச்சரைக் கேட்டிருந்தாலும் சிரிச்சிருப்பா. அப்புறம் ஒபாமா காலத்துல ரேஸ் டு த டாப்னு 435 கோடி டாலரைக் காமிச்சு சார்ட்டருக்கு வழி விடு, டீச்சரை புள்ளைங்க மார்க்கை வெச்சு எடை போடுன்னு மாநிலங்களுக்கு நடுவுல ஏலம் விட்டாங்க, ரெண்டு கட்சியும் இதுல ஒண்ணுதான். அட்லாண்டால டீச்சர்ஸே பசங்களோட விடைத்தாளைத் திருத்தி கோர்ட் வரைக்கும் போய் 2015ல தண்டனை வாங்கினாங்க, அவங்க பண்ணினது அசிங்கம், ஆனா எந்த நெருக்கடில பண்ணினாங்கன்னும் பாக்கணும். ஹூஸ்டன்ல ஒரு கம்பெனி ஃபார்முலா போட்டு டீச்சருக்கு மார்க் குடுத்துச்சு, அந்த ஃபார்முலா ரகசியம்னாங்க, டீச்சரால தன்னோட மார்க் சரியான்னு சரிபாக்கக்கூட முடியல, யூனியன் கேஸ் போட்டு 2017ல ஃபெடரல் ஜட்ஜ் இது விசாரிக்க வேண்டிய விஷயம்னு சொன்ன பிறகுதான் டிஸ்ட்ரிக்ட் அதை விட்டுச்சு. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014லயே சொல்லிடுச்சு, இந்த மாதிரி கணக்குல பாத்தா பசங்க மார்க்ல வர்ற ஏற்ற இறக்கத்துல டீச்சரோட பங்கு 1லேர்ந்து 14 சதவீதம் வரைக்கும்தான்னு பெரும்பாலான ஆராய்ச்சிங்க காட்டுதுன்னு. மிச்சம் வீடு, தூக்கம், சாப்பாடு, வாடகை குடுக்க முடியாம வருஷத்துக்கு மூணு தரம் ஸ்கூல் மாறறது. இதையெல்லாம் தொடாம ஸ்கூலுக்கு கிரேடு போட்டா சீர்திருத்தம் ஆயிடுமா? அதுக்காக டீச்சர் முக்கியமில்லைன்னு நான் சொல்லல, சொன்னா என் பொழப்பையே நான் கேவலப்படுத்தற மாதிரி.

சில பேர் "யூனியன்தான் டிஸ்ட்ரிக்ட் ஸ்கூலைக் கெடுக்குது, சார்ட்டர்ல அந்தத் தொல்லை இல்ல"ம்பாங்க. அது நியூயார்க் பேச்சு, டெக்ஸஸ்ல எடுபடாது. இங்க டீச்சர்ஸ் யூனியன் சம்பளத்துக்கு பேரம் பேசவே சட்டம் விடாது, ஸ்ட்ரைக் பண்ணினா லைசென்ஸே போனாலும் போகலாம்.

பணத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. ஒரு புள்ள சார்ட்டருக்குப் போனா அவனுக்கு ஸ்டேட் குடுக்கற காசும் கூடப் போகுது, நியாயம்தானேன்னு கேப்பாங்க. ஒரு ஸ்கூல்லேர்ந்து முப்பது பசங்க போறாங்கன்னு வெச்சுக்கோங்க, அவங்க ஒரே கிளாஸ்லேர்ந்து போக மாட்டாங்களே, கிளாஸுக்கு ஒண்ணு ரெண்டுன்னு போவாங்க, அதுக்காக ஒரு டீச்சரை கொறைக்க முடியாது, ஏசியைப் பாதி ஓட்ட முடியாது, பஸ் அதே ரூட்லதான் போகணும், ஆனா வரவு முப்பது புள்ளைக்குக் கொறஞ்சுடும். மொதல்ல லைப்ரேரியன் போவாங்க, அப்புறம் ஆர்ட் டீச்சர். சார்ட்டர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அவங்களால ப்ராபர்ட்டி டாக்ஸ் வசூல் பண்ண முடியாது, கட்டடத்துக்குத் திண்டாடறாங்க, அதனாலதான் ஸ்ட்ரிப் மால் பக்கத்துல பழைய கடையில ஸ்கூல் நடக்கறதைப் பாக்கறீங்க.

சரி, உங்க புள்ளைங்களுக்கு வருவோம்.

பையனை இப்போதைக்கு எங்கயும் நகத்தாதீங்க. சட்டப்படி சார்ட்டர் ஐஇபி இருக்கற புள்ளையை வேண்டாம்னு சொல்ல முடியாது, பழைய ஐஇபிக்கு ஈடான சர்வீஸ் குடுத்தே ஆகணும். ஆனா 2012ல ஃபெடரல் தணிக்கை அமைப்பு வெளியிட்ட கணக்குப்படி சாதாரண பப்ளிக் ஸ்கூல்ல 11 சதவீதம் பசங்க ஸ்பெஷல் எஜுகேஷன்ல இருந்தாங்க, சார்ட்டர்ல 8 சதவீதம்தான். யாரும் கேட்டை மூட மாட்டாங்க, ஆபீஸ்ல உக்காத்தி வெச்சு ரொம்ப அன்பா "உங்க பையனுக்கு இந்த எடம் செட் ஆகுமான்னு யோசிச்சீங்களா"ன்னு கேப்பாங்க, நம்ம அம்மாக்கள் பாதிப் பேர் அங்கயே எழுந்து வந்துடுவாங்க. சின்ன சார்ட்டர்ல முழுநேர ஸ்பீச் தெரபிஸ்ட் இருக்க மாட்டாங்க, வாரத்துல ஒரு நாள் வெளியிலேர்ந்து வருவாங்க, இல்லாட்டி ஸ்க்ரீன்ல வருவாங்க. டிஸ்ட்ரிக்ட் உத்தமம்னும் நெனச்சுக்காதீங்க, இந்த ஸ்டேட்ல 2004லேர்ந்து ஸ்பெஷல் எஜுகேஷன் பசங்க எண்ணிக்கை எட்டரை சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுங்கற மாதிரி ஒரு அளவுகோல் வெச்சு ஆயிரக்கணக்கான பசங்களுக்கு உதவி கெடைக்காமப் பண்ணினாங்க, 2016ல ஹூஸ்டன் க்ரானிக்கிள் பேப்பர் அதை வெளிய கொண்டுவந்துச்சு, 2018ல ஃபெடரல் அரசாங்கமே அது சட்டவிரோதம்னு சொல்லிச்சு. அதனால எங்க இருந்தாலும், ஐஇபியை முடிவு பண்ண ஸ்கூலும் பெத்தவங்களும் உக்காந்து பேசற ஏஆர்டி மீட்டிங்ல பேசினதெல்லாம் பேப்பர்ல வரணும், வாரத்துக்கு எத்தனை நிமிஷம், யார் குடுப்பாங்க, க்ரூப்பா தனியான்னு. உங்களுக்கு இப்ப அது ஒழுங்கா நடக்குதுன்னா அதைக் கலைக்காதீங்க. இன்னொண்ணு, 2025ல ஸ்டேட்ல பாஸ் ஆச்சே, ப்ரைவேட் ஸ்கூல் ஃபீஸுக்கு அரசாங்கப் பணம் குடுக்கற வவுச்சர் சட்டம், ஸ்பெஷல் எஜுகேஷன் புள்ளைக்கு 30,000 டாலர் வரைக்கும்னு, அதை யாராவது குரூப்ல போட்டா ஞாபகம் வெச்சுக்கோங்க, ப்ரைவேட் ஸ்கூலுக்குப் போனா ஐஇபி உரிமையெல்லாம் கூட வராது, அங்க ஏஆர்டியும் இல்ல ஒண்ணும் இல்ல.

பொண்ணு விஷயம் வேற. அவ போனா நல்லாத்தான் இருப்பா, இங்க இருந்தாலும் நல்லாத்தான் இருப்பா, அதனால அந்த ஸ்கூலை மட்டும் பாருங்க. டெக்ஸஸ் எஜுகேஷன் ஏஜென்சி ஒவ்வொரு ஸ்கூலுக்கும் வருஷா வருஷம் டேப்பர்னு ஒரு ரிப்போர்ட் போடறாங்க, யாரு வேணா நெட்ல பாக்கலாம். அதுல கிளாஸ் வாரியா எத்தனை பசங்கன்னு இருக்கும். ஆறாவதுல 120 பேர் இருந்து, அதே கூட்டம் பத்தாவது வரும்போது 60 ஆயிருந்தா, மிச்ச 60 பேர் எங்க போனாங்க, அந்த சீட்டை ஏன் நெரப்பலைன்னு டூர் போகும்போது கேளுங்க. மிச்சம் நின்னவங்க மார்க்தான் வெளிய பேனர்ல இருக்கும், போனவங்க மார்க் என் கிளாஸ்ல இருக்கும். அப்புறம் டீச்சர்ஸோட அனுபவம் எத்தனை வருஷம், போன வருஷம் எத்தனை பேர் வேலையை விட்டாங்கன்னு பாருங்க. இங்க சார்ட்டர்ல பொதுவா டீச்சருக்கு டிகிரி போதும், சர்டிஃபிகேட் கட்டாயம் இல்ல. இப்பல்லாம் டிஸ்ட்ரிக்ட்லயும் சர்டிஃபிகேட் இல்லாதவங்களை எடுக்கறாங்க, அதுவும் எனக்கு வயித்தெரிச்சல்தான், அங்கயும் கேளுங்க.

போர்டு மீட்டிங் ஒண்ணுக்குப் போய் உக்காருங்க, இல்லாட்டி வீடியோ பாருங்க. சார்ட்டர் போர்டை நீங்க ஓட்டு போட்டு மாத்த முடியாது, அவங்களே அவங்களைப் போட்டுக்குவாங்க. நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு ஹெச்1பில ஓட்டே கிடையாதுதான், ஆனா டிஸ்ட்ரிக்ட் போர்டு மீட்டிங்ல பேரு குடுத்துட்டு மைக்ல சில நிமிஷம் பேச விசா கேக்க மாட்டாங்க, ஓட்டு போடற பக்கத்து வீட்டுக்காரர் அங்க உக்காந்திருப்பார்ங்கறதால அவங்க கேட்டுத்தான் ஆகணும். பஸ் உண்டான்னு கேளுங்க, பல சார்ட்டர்ல கிடையாது, ரெண்டு புள்ளைங்க ரெண்டு ஸ்கூல்னா காலைல யாரு யாரைக் கொண்டு விடறதுன்னு உங்க வீட்டுக்காரர் இப்பவே பதில் சொல்லட்டும்.

மேத்ஸுக்காகத்தான் போறோம்னா ஒரு விஷயம் உங்க குரூப்ல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. 2023ல டெக்ஸஸ்ல ஒரு சட்டம் வந்துச்சு, அஞ்சாங்கிளாஸ் ஸ்டார் மேத்ஸ்ல மேல இருக்கற 40 சதவீதத்துக்குள்ள வந்தா ஆறாவதுல அட்வான்ஸ்டு மேத்ஸ்ல தானாவே போட்டுடணும், யாரும் சிபாரிசு பண்ண வேண்டாம், பெத்தவங்க வேண்டாம்னு எழுதிக் குடுத்தாத்தான் எடுப்பாங்க. அந்த வழில போனா எட்டாவதுலயே அல்ஜீப்ரா முடிச்சுடுவா. சார்ட்டர்ல எட்டாவதுல அல்ஜீப்ரான்னு போஸ்டர் போட்டிருப்பாங்க, அதேதான் இங்கயும்.

லாட்டரில பேர் வந்தா ரெண்டு மூணு நாள்ல பதில் சொல்லுங்கன்னு நெருக்குவாங்க, பயப்படாதீங்க. உங்க ஜோன் ஸ்கூல், அதான் உங்க வீட்டு அட்ரஸுக்குன்னு இருக்கற டிஸ்ட்ரிக்ட் ஸ்கூல், அந்த சீட் எங்கயும் போகாது, நவம்பர்ல திரும்பி வந்தாலும் கரண்ட் பில்லைக் காமிச்சா சேத்துக்கணும். ஆனா ஒண்ணு, மிடில் ஸ்கூல்ல எந்தெந்தப் பாடம் வேணும்னு எழுதிக் குடுக்கற ஃபார்ம் அஞ்சாவது பசங்களுக்கு வசந்த காலத்துலயே வந்துடும். சார்ட்டர் வரும் வரும்னு அதை நெரப்பாம விட்டா ஆர்க்கெஸ்ட்ரா, பேண்டுல எடம் போயிடும், நடுவுல வந்து வயலின் புடிக்க விட மாட்டாங்க. இந்த வாரமே ஸ்கூல் கவுன்சிலருக்கு ஒரு மெயில் போட்டு அந்த ஃபார்மை வாங்கி நெரப்பி வெச்சுடுங்க, சார்ட்டரைப் பத்தி அப்புறம் நிதானமா பேசிக்கலாம்.